கால் குடைச்சல்: இரும்பு, சாமை, மெக்னீசியம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக் கடையில் இரவு எட்டு மணிக்கு மேல் சற்று நேரம் நின்றால், இந்தப் பேச்சு உங்கள் காதில் விழும்.

“தம்பி, ராவானா ரெண்டு காலும் குடையுது. படுக்க முடியல. எதனா மாத்திரை குடு.”

“வலியா ஆயா, எரிச்சலா?”

“வலின்னும் சொல்ல முடியல. உள்ளுக்குள்ள என்னமோ ஊர்றாப்புல இருக்கு. எழுந்து நாலு தப்படி நடந்தா தேவல. வந்து படுத்தா மறுபடியும் அதே. பகல்ல ஒண்ணும் இல்ல.”

சில கடைகளில் ஒரு வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, தூக்கம் வரட்டும் என்று கூடவே ஒரு அவில் என்று கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் மாத்திரையால் இதற்குப் பலன் இல்லை. இரண்டாவதால் பலன் உண்டா என்பது அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாவது குடைச்சலைக் கூட்டிவிடக்கூடியது. அரிப்புக்கும் சளிக்கும் தரப்படும் பழைய வகை மாத்திரைகளில் பல அப்படித்தான். ஆளைக் கிறங்க வைக்கும், காலை மட்டும் விழிக்க வைக்கும்.

கவனித்தால், ஆயா சொன்ன நாலு வாக்கியத்திலேயே நோய் முழுவதும் இருக்கிறது. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல். உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்குவது. நடந்தால், நீட்டி மடக்கினால், நடக்கிற வரைக்குமாவது தணிவது. அந்தியிலும் இரவிலும் கூடுவது. இந்த நான்கும் சேர்ந்திருந்து, வேறு நோயால் வந்ததில்லை என்றும் தெரிந்தால், மருத்துவர்கள் அதை ஓய்விலாக் கால் நோய் என்பார்கள். ஸ்கேனும் வேண்டாம், எக்ஸ்ரேவும் வேண்டாம்; சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இலேயே இதை விவரித்திருக்கிறார். இதற்கு இன்றைய பெயரைத் தந்து முறையாக எழுதியவர் சுவீடனின் கார்ல்-ஆக்செல் எக்பாம், 1945-இல். நம் ஊரில் இதற்கு எந்தக் காலத்திலோ பெயர் வைத்தாகிவிட்டது: கால் குடைச்சல், கால் உளைச்சல். ஆனால் இந்தப் பெயரில் ஒரு தொல்லையும் உண்டு. மூட்டுத் தேய்மானம், சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சல், நாளெல்லாம் கரும்பு வெட்டிய அசதி எல்லாவற்றையும் நாம் குடைச்சல் என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவரிடம் போனால் பெயரைச் சொல்லாதீர்கள்; எப்போது வருகிறது, எதனால் போகிறது என்பதைச் சொல்லுங்கள்.

தனியே பிரித்துப் பார்க்க வேண்டியது கெண்டைக்காலை இழுத்துப் பிடிப்பது. நடுநிசியில் சதை கல்லாக இறுகி, அலற வைத்து, தேய்த்துவிட்டதும் சில நிமிடத்தில் விட்டுப்போகும் அது வேறு. மெக்னீசியத்தை அதற்குத்தான் அதிகம் விற்கிறார்கள். வயதானவர்களின் இந்தப் பிடிப்புக்கு அது பெரிதாகப் பயன்படாது என்றே காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கணக்குப் போடும்போது, காலாட்டிக்கொண்டே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையும் விட்டுவிடுங்கள். காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் திட்டுவது பழக்கத்தை. இங்கே பேசுவது ஆட்டாமல் இருக்க முடியாதவர்களைப் பற்றி.

முதலில் இரும்பு

மெக்னீசியத்தைப் பற்றிய அத்தியாயத்தில் இரும்பு எதற்கு என்று கேட்கலாம். இந்த நோயின் வேர் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. மூளையின் சில பகுதிகளில் இரும்பு குறையும்போது, அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலை தடுமாறுகிறது. இரவில் உடலில் இரும்பின் அளவும் இறங்கும். குடைச்சல் இரவில் கூடுவதற்கு அது ஒரு காரணம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல். கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில், கால் குடைச்சல் மிகச் சாதாரணம். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானாகவே போய்விடும். மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள், மூலத்தில் ரத்தம் போகிறவர்கள், வெறுங்காலோடு வயலில் நின்று கொக்கிப்புழு ஏறியவர்கள், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் வரும்.

ஆகவே மெக்னீசியப் புட்டியில் பணத்தைப் போடும் முன், அதே பணத்தை ஃபெரிட்டின் பரிசோதனையில் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்ப்பது ஹீமோகுளோபின். அது கையிருப்புக் காசு. ஃபெரிட்டின் என்பது குதிருக்குள் இருக்கும் நெல். கையில் காசு சரியாக இருந்தும் குதிர் காலியாக இருக்கலாம். ஆய்வகத் தாளில் 15-க்கு மேல், 20-க்கு மேல் என்றாலே “இயல்பு” என்று அச்சிட்டிருப்பார்கள். கால் குடைச்சல் உள்ளவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது: 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பதே இப்போதைய மருத்துவ வழிகாட்டல். காய்ச்சல், கிருமித்தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். தேறிய பிறகு எடுங்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ ஓடாமல் மாவட்டத்துக்குள்ளேயே கேட்டுப் பார்க்கலாம்.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ சாப்பிடுங்கள். டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் உடல் கூடுதலாக ஏற்கிறது, வயிறும் சண்டை போடாது. உங்களுக்கு எப்படி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மட்டும், செவிலியர் சொன்னபடி நாள்தோறும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பதினைந்து நாளில் விட்டுவிட்டு “எனக்கு ஒத்துக்கல” என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

தவிடு மாட்டுக்கு

இனி மெக்னீசியம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 முதல் 420 மில்லிகிராம் தேவை. அது எங்கிருந்து வரும் என்பதைப் பார்க்க, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் ஒருமுறை ஏறி இறங்கினால் போதும்.

மேலே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, கேழ்வரகு, தினை, வரகு விதைத்தவர்கள். கீழே நெல்லும் கரும்பும், ஊருக்கு ஊர் அரிசி ஆலைகளும். நூறு கிராம் கேழ்வரகில் மெக்னீசியம் 145 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. வரகில் 120, சாமையில் 90. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் 20-தான். அதே அரிசி தீட்டாமல் இருந்தபோது 90-க்கு மேல். மெக்னீசியம் குடியிருப்பது தவிட்டிலும் முளையிலும். ஆலை அதைச் சீவித் தள்ளுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கைச் சோற்றை வடிக்கும்போது கஞ்சியோடு கொட்டுகிறோம். தவிடும் கஞ்சியும் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. மாட்டுக்குக் கால் குடைந்து நான் கேள்விப்பட்டதில்லை.

மலைமேல் மட்டும் எல்லாம் பழையபடி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சாமை போட்ட சரிவுகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஏறிவிட்டன. மரவள்ளி ஜவ்வரிசி ஆலைக்குப் போய் வெறும் மாவுச்சத்தாகத் திரும்பி வருகிறது. அதில் மெக்னீசியம் பெயருக்குக்கூட இல்லை. ரேஷன் அரிசி மலைக்கும் போகிறது. பசியைப் போக்கிய அரிசியைக் குறை சொல்லக் கூடாது. தட்டில் அது மட்டுமே இருப்பதைத்தான் சொல்கிறேன்.

சாமை வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உரலில் குத்திய சாமை மங்கல் நிறம். உமி போயிருக்கும், தவிடு ஒட்டியிருக்கும். நகரக் கடைகளில் பளபளவென்று பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் நன்றாகத் தீட்டியது. சிறுதானியம் என்ற பெயருக்கு விலை கொடுத்து, அரிசியை ஒத்த ஒன்றையே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கிருந்து வாங்குங்கள். கொஞ்சமாகவே வாங்குங்கள்: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் வரும். வண்டு வராத சாமையைப் பார்த்தால்தான் நான் யோசிப்பேன்.

இரவுச் சாப்பாட்டில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். நூறு கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களி, ஒரு கிண்ணம் கீரை அல்லது தட்டப்பயறுக் குழம்பு, பிறகு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. களியில் 140, கடலையில் 50-க்கு மேல், கீரையும் பயறும் தருவது தனி. இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருளின் நடுவிலேயே ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. கீரை எதுவானாலும் வெறுங்கையோடு வராது. எள்ளுருண்டை, பச்சைப்பயறு, கொள்ளு ரசம் எல்லாம் இதே சொந்தக்காரர்கள். தானியத் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் மெக்னீசியத்தையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. முளைகட்டி அரைத்தாலும் கூழை இரவெல்லாம் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். பானையில் கூழ் ஊறவைத்தவர்கள் ருசிக்காகச் செய்தார்களோ என்னவோ, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இங்கிருந்து சேலத்துக்குப் போகிறவர்கள், ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் சுண்ணாம்புக் கரட்டைப் பார்த்திருப்பார்கள். பெயர்தான் சுண்ணாம்பு, அங்கே வெட்டுவது மாக்னசைட், மெக்னீசியம் கார்பனேட் கல். எஃகு உலைகளுக்கான தீச்செங்கல் அதிலிருந்து வருகிறது. மலையளவு மெக்னீசியம் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று அதைச் சுரண்டி வாயில் போட வேண்டாம்.

மாத்திரை: எவ்வளவு நம்பலாம்

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஆதாரம் கொஞ்சம்தான். 1998-இல் ஜெர்மனியில் பத்துப் பேருக்கு மாலைதோறும் சுமார் 300 மில்லிகிராம் மெக்னீசியம் நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்த நேரத்தில் தூங்கிய பங்கு 75 சதவீதத்திலிருந்து 85-க்கு ஏறியது. ஆனால் பத்தே பேர். ஒப்பிட வெற்று மாத்திரை வாங்கிய குழுவும் இல்லை. 2022-இல் ஈரானில் 75 பேரை மூன்று குழுவாகப் பிரித்து இரண்டு மாதம் நடத்திய சோதனையில் மெக்னீசியம் வாங்கியவர்களுக்கு நல்ல குறைவு தெரிந்தது. இடையில் 2019-இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், பயன்படுமா என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றார்கள். என் கணிப்பு: ஃபெரிட்டினைப் பார்த்து இரும்பைச் சரிசெய்த பிறகு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர் ஒரு மாதம் முயன்று பார்க்கத் தகுந்த மலிவான பொருள். அதற்கு மேல் சொல்கிறவர் விற்கிறவராக இருப்பார்.

ரத்தத்தில் மெக்னீசியம் பார்க்கலாமே என்பார்கள். உடலில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்த நீரில் இல்லை. மீதி எலும்பிலும் தசையிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது. அளவு குறைவு என்று வந்தால் குறைவுதான். சரி என்று வந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. யாருக்குக் குறைந்திருக்கும் என்று கேட்டறிவது அதைவிடப் பயன்: நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் ஒரு வருடத்துக்கு மேல் விழுங்குகிறவர், நீர் பிரிய மாத்திரை எடுக்கிறவர், சர்க்கரை கட்டுக்குள் வராதவர், குடிக்கிறவர். சாராயத்தைப் பற்றி, 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மாவட்டத்துக்காரர்களிடம் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கே சொல்வது சின்ன விஷயம்: கடைச் சரக்கானாலும் மது மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும், குடைச்சலையும் கூட்டும்.

புட்டியின் முகப்பில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள். “மெக்னீசியம் கிளைசினேட் 1000” என்று இருந்தால் அதில் தனி மெக்னீசியம் 140 அளவில்தான் இருக்கும். ஆக்சைடில் எடையில் 60 சதவீதம் மெக்னீசியம், ஆனால் குடல் அதைச் சரியாக ஏற்காது, பேதியாகும். சிட்ரேட்டில் 16 சதவீதம், நன்றாக ஏறும், மலச்சிக்கல் உள்ளவருக்கு அதுவே இரட்டைப் பயன். பின்பக்கப் பொடி எழுத்தில் தனி மெக்னீசியம் எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் அந்தப் புட்டியை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

நம் வீடுகளில் மெக்னீசியம் ஏற்கெனவே வேறு பெயரில் இருக்கிறது. பேதி உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அசிடிட்டிக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவங்கள் பலவற்றில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு. அதையும் குடித்து இதையும் விழுங்கினால் கணக்கு கூடிவிடும். பேதி உப்பை வெந்நீரில் போட்டுக் காலை வைப்பது சுகம்தான், தாராளமாகச் செய்யுங்கள்; சுகம் வெந்நீரால்.

யார் தொடக் கூடாது

சிறுநீரகம் பழுதானவர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரசவ வார்டில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் தாய்க்கு இதே மெக்னீசியம் சல்பேட்டைத்தான் ஊசியாகப் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அடுத்த ஊசிக்கு முன் செவிலியர் ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார். கால் உதறினால் சரி. உதறவில்லை என்றால் ஊசி கிடையாது. மூச்சை எண்ணுவார், சிறுநீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று அளப்பார். மெக்னீசியம் மிஞ்சினால் முதலில் அந்த உதறல் போகும், பிறகு மூச்சு மந்தமாகும். மிஞ்சியதை வெளியேற்றுவது சிறுநீரகம். அது ஓய்ந்தவருக்கு வாய்வழி மாத்திரையே நாளடைவில் அந்த நிலைக்குக் கொண்டுபோகலாம். டயாலிசிஸ் நோயாளிக்குக் கால் குடைச்சல் மிக அதிகம் என்பதால்தான் ஆபத்தும் அதிகம். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரி என்று தெரிந்த பிறகே தொடங்குங்கள். இதயத் துடிப்புத் தடை உள்ளவர்களும், மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் வேண்டாம். கர்ப்பிணிகள் கேட்டுவிட்டு.

தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியே மெக்னீசியம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் வகைக் கிருமிக்கொல்லி எடுத்தால் அந்தச் சில நாள் மெக்னீசியத்தை நிறுத்திவிடுவது சுலபம். இரும்பு காலையில், மெக்னீசியம் இரவில். இரண்டையும் ஒன்றாக வாயில் போடாதீர்கள்.

முப்பது இரவு

ஒரு பழைய நோட்டை எடுத்துத் தலைமாட்டில் வையுங்கள். முதல் ஏழு இரவு மாத்திரை எதுவும் வேண்டாம். குடைச்சலுக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை முறை எழுந்தீர்கள் என்று மட்டும் காலையில் எழுதுங்கள். எட்டாம் நாள் முதல் இரவுச் சாப்பாட்டோடு தனி மெக்னீசியம் 100 மில்லிகிராம். வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு வாரம் கழித்து 200. மாத்திரையாக 300-ஐத் தாண்ட வேண்டாம். பேதியானால் பாதியாகக் குறையுங்கள். முப்பதாம் நாள் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வாங்கிவிட்டோமே என்று புட்டியைக் காலி செய்யத் தேவையில்லை.

இடைப்பட்ட இரவுகளில் குடைச்சல் எழும்பினால் பாட்டிகளின் வழியே நல்ல வழி. கெண்டைக்காலைத் துண்டால் அளவாகச் சுற்றிக் கட்டுவது, பேரனைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வது, வெந்நீர் ஊற்றுவது, நல்லெண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடிப்பது. தோலிலும் தசையிலும் விழும் அழுத்தம் அந்த ஊர்தலை அமுக்கிவிடுகிறது. காற்றழுத்த உறையைக் காலில் மாட்டி மேல்நாட்டு ஆய்வாளர்கள் செய்து பார்த்ததும் இதுவே. துண்டை இறுக்கிக் கட்டியபடி தூங்கிவிட மட்டும் கூடாது. மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். சென்னைக்கு இரவுப் பேருந்தில் போவதானால் நடைவழிப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். உளுந்தூர்பேட்டையில் வண்டி நின்றால் டீக்காக இறங்காமல் நடப்பதற்காக இறங்குங்கள்.

வாரத்தில் மூன்று நான்கு இரவு தூக்கம் போகிறது, கைக்கும் ஏறுகிறது, பகலிலேயே தொடங்குகிறது என்றால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கபாபென்டின், ப்ரீகாபலின் வகை மருந்துகள் இப்போது முன்னுக்கு வந்திருக்கின்றன. பிரமிபெக்சோல், ரோபினிரோல் முதலில் அற்புதமாகக் கேட்கும். வருடங்கள் போகப் போக குடைச்சலை முன்னேரத்துக்கே இழுத்து, அதிகமாக்கியும் விடலாம். அதனால்தான் 2025-இல் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டல் அவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் மோசமாகும்.

போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாந்திக்கு வாங்கியது, அரிப்புக்கு வாங்கியது, மனச்சோர்வுக்கு எழுதிக் கொடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாம். குடைச்சலைக் கிளப்பும் மருந்துகளின் பட்டியல் நீளம்; மருத்துவர் மெக்னீசியத்தைப் பற்றிப் பேசும் முன் அந்தப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அப்பால் வைக்கக்கூடும்.